பெர்லின் மாரத்தானுக்கு முந்தைய 21 நாள்கள்: சென்னை ஓட்டக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

பெர்லினில் நான் முதன்முதலாக மாரத்தான் ஓடியபோது, 17ஆவது கிலோமீட்டரில் ஒரு தற்காலிகக் கழிப்பறையின் முன்னால் மூன்று பேருக்குப் பின்னே வரிசையில் நின்றிருந்தேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. சென்னைப் பழக்கத்தில், தண்ணீர் மேசை வந்தபோதெல்லாம் இரண்டு கோப்பை குடித்திருந்தேன். 12 டிகிரிக் குளிரில் அது வியர்வையாகப் போகாமல் வேறு வழி தேடிக்கொண்டது. நான்கு நிமிடம் அங்கேயே கரைந்தது. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பத்து மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடியவன், 4 மணி 2 நிமிடத்தில் முடித்தேன்.

பயிற்சியில் குறை இல்லை. சென்னையின் புழுக்கத்துக்கும் அதிகாலை நாலரை மணிக்கும் பழகிய உடலை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பெர்லினில் இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். கடைசி மூன்று வாரத்தில் யாருக்கும் புதிதாகக் கால்வலிமை கூடப்போவதில்லை. ஆனால் அந்த உடலை இன்னோர் ஊருக்கு, இன்னொரு குளிருக்கு, இன்னொரு கடிகாரத்துக்குத் திருத்திவைக்க மூன்று வாரம் போதும். பதினாறு வாரமோ இருபது வாரமோ ஒழுங்காகப் பயிற்சி முடித்து, நான்கு முதல் ஐந்தரை மணி நேரத்தில் முடிக்க எண்ணியிருப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

21ஆம் நாள்: காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷெங்கன் விசா இந்நேரம் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு என்பது விதி. ஓட்டம் செப்டம்பர் பிற்பகுதியில் என்பதால், ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் அந்த வரம்பை நம்பி உட்கார்ந்திருப்பது தற்கொலைக்குச் சமம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதை அடுத்த முறைக்காவது நினைவில் வையுங்கள்.

விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டை இன்று ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருந்தால் விசாவுக்குப் போதும். ஆனால் சில பாலிசிகளில் "போட்டி விளையாட்டுகளில் ஏற்படும் காயங்கள் நீங்கலாக" என்று ஒரு வரி பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அந்த வரி இருந்தால், ஓட்டத்தையும் உள்ளடக்கிய காப்பீட்டுக்கு மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை நீங்களே நேரில் சென்று, பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்க முடியும். ஓட்ட நாளான ஞாயிறன்று தரமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை விமானம் தாமதமானால் எல்லாம் போயிற்று. டிக்கெட்டைப் பாருங்கள்: புதன் இரவோ வியாழன் காலையோ பெர்லினில் இறங்குவதாக இருக்க வேண்டும். வெள்ளி என்றால் இப்போதே மாற்றப் பாருங்கள்.

21 முதல் 8ஆம் நாள் வரை: ஓட்டத்தைக் குறைத்தல்

ஓட்டக்காரர்கள் டேப்பர் என்று சொல்வது இதைத்தான். வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் முதல் வாரம் 45, அடுத்த வாரம் 35, கடைசி வாரம் பந்தயத்தை விட்டு 15 என்று இறங்கி வரலாம். ஞாயிறு நீள ஓட்டம் 32 கிலோமீட்டரிலிருந்து 21, பிறகு 13. குறைக்க வேண்டியது தூரத்தைத்தான். ஓட்ட நாள்களின் எண்ணிக்கையும் வேகமும் ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். வாரம் ஒருமுறை, பந்தய வேகத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவிடுங்கள். முழுக்க மெதுவாகவே ஓடினால் கால்கள் மந்தமாகிவிடும்.

இந்த நாள்களில் ஒரு விசித்திரம் நடக்கும். ஓட்டம் குறையக் குறைய முழங்காலில் ஒரு வலி, பாதத்தில் ஒரு குடைச்சல், தொண்டையில் ஒரு கரகரப்பு என்று தினமும் ஒன்று முளைக்கும். பெரும்பாலும் வீட்டில் சும்மா இருக்கும் மனம் உண்டாக்கும் வலி அது. இரண்டு நாளில் இடம் மாறும் வலியை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் நின்று, நடக்கும்போதும் குத்தும் வலி என்றால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். விட்ட பயிற்சியை ஈடுகட்ட இந்த வாரங்களில் ஒரு 30 கிலோமீட்டரைச் செருகுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த ஓட்டத்தின் பலன் பந்தயத்துக்கு முன் உடலில் சேராது, அசதி மட்டும் சேர்ந்துவிடும்.

காலணி விஷயம்: பந்தயத்துக்கு அணியப்போகும் ஜோடியில் இதற்குள் 50 முதல் 80 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும், அதில் ஒரு நீள ஓட்டமும் இருக்க வேண்டும். கால் நகங்களைப் பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பு வெட்டுங்கள். முந்தைய இரவு வெட்டிச் சதையைக் கீறிக்கொண்டு, 42 கிலோமீட்டரும் அந்த ஒரு விரலை நினைத்தபடியே ஓடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

14ஆம் நாள்: தண்ணீர்க் கணக்கு

இது என் பழைய காயம் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடுங்கள். ஓடும் முன் ஆடையின்றி எடை பாருங்கள்; ஓடிவந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காதீர்கள், சிறுநீர் கழிக்கவும் வேண்டாம். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. செப்டம்பர் மாதச் சென்னையில், காலை ஐந்து மணிக்கு, எனக்கு 1.4 கிலோ குறைந்தது. அடுத்து இதே சோதனையைக் குளிர்சாதனத்தை நன்றாக இறக்கிவைத்த உடற்பயிற்சிக்கூடத்தின் டிரெட்மில்லில், மின்விசிறி நேரே முகத்தில் அடிக்க, செய்து பாருங்கள். எனக்கு 700 கிராம்தான் குறைந்தது. பாதி.

அந்தப் பாதியை நான் முதல் முறை அறிந்திருக்கவில்லை. அளவுக்கு மீறிக் குடிப்பதில் கழிப்பறை வரிசை மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது, ஏனென்றால் குடிக்க அவர்களுக்கு நேரம் நிறைய. குளிர்ந்த நாளில் தாகம் எடுத்தால் குடிப்பது என்பதே நல்ல விதி.

ஆனால் பெர்லின் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். செப்டம்பர் பிற்பகுதியில் காலை பத்துப் பன்னிரண்டு டிகிரி, மதியம் இருபதை ஒட்டி என்பதுதான் வழக்கம். 2025இல் செப்டம்பர் 21 அன்று நடந்த ஓட்டத்திலோ வெயில் வாட்டியெடுத்தது. அப்படி ஒரு நாள் அமைந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பழகிய உடல்தான் மூலதனம். ஐந்து நாள் முன்பிலிருந்து வானிலை அறிக்கையைப் பார்த்து, குளிர் நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

10ஆம் நாள்: கடிகாரத்தைத் திருத்துதல்

செப்டம்பரில் ஜெர்மனியில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும். நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி மூன்றரை மணி நேரம். பெரிய வேறுபாடில்லை என்று தோன்றும். சென்னை ஓட்டக்காரரின் வாழ்க்கையை அதில் பொருத்திப் பாருங்கள்: இரவு ஒன்பதரைக்குத் தூங்கி அதிகாலை நான்குக்கு எழுபவர் அவர். பெர்லினில் அது மாலை ஆறு மணியும் நள்ளிரவு பன்னிரண்டரையும். மற்றவர்கள் இரவு உணவுக்குக் கிளம்பும் நேரத்தில் உங்கள் கண் சொக்கும்; ஊரே உறங்கும்போது நீங்கள் விடுதிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நான்கு நாள்களில், தினமும் அரை மணி நேரம் தாமதமாகப் படுங்கள்: பத்து, பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. எழுவதும் அப்படியே ஆறு, ஆறரைக்குத் தள்ளிப்போகட்டும். ஓட்டம் குறைந்துவிட்டதால் விடிந்த பிறகு ஓடினாலும் பாதகமில்லை. இரண்டு மணி நேரம் இங்கேயே தீர்ந்துவிடும். மீதி ஒன்றரையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மேற்கு நோக்கிப் போகும்போது தூக்கத்தைத் தள்ளிப்போடுவதுதான் வேலை, உடல் அதற்குச் சுலபமாக இணங்கும். அந்த வகையில் டோக்கியோவுக்குப் போகிறவர்களை விட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலை உணவு. நம்மில் பலர் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் காபியும் குடித்துவிட்டு நாலரைக்கு ஓடிவிடுகிறோம். பெர்லினில் ஓட்டக்காரர்களைப் பிரித்து, அலை அலையாகக் கிளப்புவார்கள்; முதல் அலை 9:15க்குக் கிளம்பும். நான்கு மணி நேரக்காரர்களின் அலை நகரும்போது பத்து மணியை ஒட்டியிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். உடலின் கணக்கில் அது மதியம் ஒன்றரை. அதாவது எழுந்து நான்கு மணி நேரம் கழித்து, ஒரு முழு உணவு செரித்த பின், மதியச் சாப்பாட்டு வேளையில் ஓடத் தொடங்குகிறீர்கள். இதை ஒருமுறையாவது ஒத்திகை பார்த்தாக வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஆறரைக்கு, பந்தயத்தன்று சாப்பிடப்போவதையே சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடுங்கள். சென்னை வெயிலில் அந்நேரம் ஓடினால் தலை வெடிக்கும் என்பதால் டிரெட்மில்லில் ஓடினால் போதும். நாம் சோதிப்பது வயிற்றைத்தான். பாலும் நெய்யும் பருப்பும் சேர்ந்த வெண்பொங்கல் எனக்கு இந்தச் சோதனையில் தோற்றது. ரொட்டியும் தேனும் வாழைப்பழமும் தேறின.

கிளம்புவதற்கு 3 நாள் முன்பு: பெட்டி

இரண்டாகப் பிரியுங்கள்: தொலைந்தால் ஓட முடியாதவை, தொலைந்தாலும் வாங்கிக்கொள்ளக்கூடியவை. முதல் வகை முழுவதும் கைப்பையில்: காலணி, பந்தய ஆடை, காலுறை, கைக்கடிகாரமும் அதன் சார்ஜரும், பாஸ்போர்ட், பதிவுத் தாள், அன்றாடம் சாப்பிடும் மருந்துகள். காலணியை நான் காலிலேயே போட்டுக்கொண்டு ஏறிவிடுவேன்.

ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டுகளை விமான நிலையப் பாதுகாப்பில் திரவமாகவே கணக்கிடக்கூடும். ஒவ்வொன்றும் 100 மில்லிக்குக் குறைவு என்பதால் ஒரு லிட்டர் ஒளிபுகும் பையில் வைத்தால் போகவிடுவார்கள். பாதி கைப்பையில், பாதி பெரிய பெட்டியில் என்று பிரித்துவிட்டால் எந்தப் பக்கம் சிக்கினாலும் கை வெறுமையாகாது.

சாப்பாட்டுப் பொருளில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை. அம்மா கட்டிக்கொடுக்கும் பால்கோவாவும் நெய் டப்பாவும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அவல், நாட்டுச் சர்க்கரை, பருப்புப்பொடி, ஊறுகாய் ஆகியவற்றால் தொல்லை இல்லை. ஏன் அவல் என்று பிறகு சொல்கிறேன்.

மறக்கக்கூடிய சிறு பொருள்கள்: எண் அட்டைக்கு நான்கு ஊக்குகள், வாசலின், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், தொடக்கக் கோட்டில் கழற்றி எறிய ஒரு பழைய ஸ்வெட்டரும் பேன்ட்டும், குப்பைக்குப் பயன்படும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று (அதில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் காற்றுக்கும் மழைக்கும் ஆகும்), ஈரத்தாள் ஒரு பொட்டலம். பெர்லின் கழிப்பறைகளில் நம் ஊர்க் கைக்குழாய் கிடையாது, தொடக்க இடத்துத் தற்காலிகக் கழிப்பறைகளில் காகிதமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நம் ஊர் மெல்லிய இரண்டு முனை பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. சிறிய குக்கர் கொண்டுபோகிறவர்கள் அடாப்டரும் கொண்டுபோங்கள். விடுதி அறையில் தாளிக்க வேண்டாம், புகை அலாரம் அடித்தால் ஊர் கூடிவிடும்.

வியாழன்: இறங்கியதும்

விமானத்தில் ஓர வரிசை இருக்கையை வாங்கி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இறுக்கமான முழங்கால் உயரக் காலுறை அணிந்தால் கணுக்கால் வீங்காமல் இருக்கும். இறங்கிய நாளில் தூக்கம் வந்தாலும் இரவு ஒன்பதுவரை படுக்கக்கூடாது. மாலை வெளிச்சம் மறையும்வரை வெளியில் இருப்பது அதற்குப் பெரிய உதவி. செப்டம்பர் கடைசியில் ஏழு மணியளவில் இருட்டும்.

ரயிலில் ஏறும் முன், தாள் டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். வாங்கிவிட்டோமே என்று பையில் வைத்துக்கொண்டு போனால், பரிசோதகரின் பார்வையில் அது டிக்கெட் இல்லாப் பயணம்தான். 60 யூரோ அபராதம்.

கடையில் தண்ணீர் வாங்கும்போது கவனம். அங்கே பாதிக்குப் பாதி சோடா நீர். "ஷ்டில்" என்று எழுதியிருந்தால்தான் சாதாரணத் தண்ணீர். பந்தயக் காலையில் புட்டியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்கினால் அன்றைய வயிறு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் புட்டியே தேவையில்லை, பெர்லின் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

வெள்ளி: எண் அட்டை

எண் அட்டை தரும் பொருட்காட்சி டெம்பெல்ஹோஃப் பழைய விமான நிலையத்தில் நடக்கும். 1948–49 சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்குச் சோறு போட்ட விமானங்கள் இறங்கிய இடம் அது, 2008இல் மூடிவிட்டார்கள். கட்டடம் பிரமாண்டமானது, நடை அதிகம். காலையிலேயே போய், அட்டையை வாங்கி, அதில் பெயரும் அலை எண்ணும் சரியா என்று அங்கேயே பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். அங்கே விற்கும் காலணி, காலுறை, புதிய ஜெல் எதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது. வாங்குங்கள், ஊருக்குக் கொண்டுவந்து போடுங்கள். உடைமைகளை ஒப்படைக்க ஒளிபுகும் பை ஒன்று தருவார்கள், வேறு பையை ஏற்கமாட்டார்கள்.

பெர்லினைச் சுற்றிப் பார்க்க ஆசை இருக்கும். குடும்பத்தோடு வந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் இருக்கும். வெள்ளியும் சனியும் அவர்களை அனுப்பிவிட்டு நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள். பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. வேண்டுதலை இங்கிருந்தே வைத்துவிட்டு, நன்றி சொல்ல திங்கட்கிழமை போகலாம்.

வெள்ளி, சனி: மாவுச்சத்து ஏற்றுதல்

பந்தயத்துக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 10 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டவியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 12 கிராம்வரை போகலாம். "முந்தைய இரவு நன்றாகச் சாப்பிட வேண்டும்" என்று கேள்விப்பட்டு, சனி இரவு ஒரு தட்டு பாஸ்தாவைத் திணித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். அது எவ்வளவு என்று தட்டில் வைத்துப் பார்ப்போம்:

நான்கு துண்டு ரொட்டியும் அதற்குத் தேனும், சுமார் 95. இரண்டு வாழைப்பழம், 50. அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறு, 50. மதியம் 300 கிராம் சோறு, 84. இரவும் அதே, 84. அவித்த உருளைக்கிழங்கு 200 கிராம், 40. உலர்திராட்சை ஒரு கைப்பிடி, 40. விளையாட்டுப் பானம் அரை லிட்டர், 35. கூட்டினால் 478தான். இன்னும் 120 கிராம் துண்டு விழுகிறது, வயிறோ ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

இங்கேதான் அவல் வருகிறது. 100 கிராம் அவலில் சுமார் 77 கிராம் மாவுச்சத்து. 50 கிராம் நாட்டுச் சர்க்கரையில் கிட்டத்தட்ட 48. விடுதிக் கெண்டியில் வெந்நீர் வைத்து, அவலை நனைத்து, சர்க்கரையைக் கலந்து இரண்டு வேளையாகச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது. அடுப்பு வேண்டாம், உணவகம் தேட வேண்டாம். மெல்லிய அவல் என்றால் மூன்று நிமிடத்தில் ஊறிவிடும்.

இந்த இரண்டு நாளும் காய்கறி, கீரை, முழுத்தானியம், பொரித்தது, காரம் ஆகியவற்றைக் குறையுங்கள். நார்ச்சத்து ஞாயிற்றுக்கிழமை வேலை காட்டும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் பதறாதீர்கள். மாவுச்சத்து கிளைகோஜனாகத்தான் தசையில் சேமிக்கப்படும்; அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கூடியது எரிபொருள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். காலை உணவுக்கான ரொட்டி, பழம், தேன் எல்லாவற்றையும் சனி மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். விடுதியில் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், ஆனாலும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

சனி மாலை

சனி காலையில் 20 நிமிடம் மெதுவாக ஓடி, கடைசியில் நான்கு முறை நூறு மீட்டர் விரைந்தால் போதும். மாலை ஆறரைக்குள் சாப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் தரையில் ஆள் படுத்திருப்பதுபோல் பரப்புங்கள்: சட்டை, அதில் ஊக்கு குத்திய எண் அட்டை, கால்சட்டை, காலுறை, காலணி, கடிகாரம், ஜெல்கள். காலி இடம் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். என் மனைவி ஒருமுறை இந்த வெற்று மனிதனைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். இடது காலுறை இல்லை என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

அன்றிரவு தூக்கம் வராவிட்டால் வராதுதான். வியாழனும் வெள்ளியும் தூங்கியிருந்தால் அந்தக் கணக்கில் ஓடிவிடலாம்.

ஞாயிறு காலை

உங்கள் அலைக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக் காம்பு, கால்விரல் இடைவெளி ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். குளிர்தானே, வியர்க்காதே என்று விட்டால் உராய்வு விடாது.

தொடக்கம் டியர்கார்டன் பூங்காவின் நடுவே செல்லும் '17 ஜூன்' வீதியில். பூங்கா வாயிலிலிருந்து உடைமை ஒப்படைக்கும் இடத்துக்கும், அங்கிருந்து உங்கள் அலை நிற்கும் அடைப்புக்கும் நடை நீளும். அலை நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வளாகத்துக்குள் இருங்கள். முதல் வேலை கழிப்பறை வரிசை. வெளியே வந்ததும் மறுபடி அதே வரிசையின் கடைசியில் நின்றுவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். ஸ்வெட்டரைக் கடைசி ஐந்து நிமிடம்வரை கழற்ற வேண்டாம்.

வலி மாத்திரை பற்றி ஒரு சொல். "முன்னெச்சரிக்கையாக" ஐபுப்ரொஃபென் போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. நீர் வறண்ட நிலையில் அது சிறுநீரகத்துக்குச் சுமை, சோடியம் குறையும் ஆபத்தையும் கூட்டும். வேண்டாம்.

42.195 கிலோமீட்டர்

பெர்லின் தட்டையான பாதை; குளிர்ந்த காற்று; பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர். சென்னையில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓட மூச்சு வாங்கிய உடல், இங்கே 5:20இல் சும்மா மிதக்கும். முதல் பத்துக் கிலோமீட்டரில் "நான் இவ்வளவு வலிமையானவனா" என்று தோன்றும். அந்தக் கேள்விக்கு 32ஆவது கிலோமீட்டரில் பதில் கிடைக்கும். 2022இல் இதே பாதையில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51இல் ஓடினார், முடித்தது 2:01:09. அப்போது அது உலக சாதனை. அப்படிப்பட்டவருக்கே இரண்டாம் பாதி ஒன்றரை நிமிடம் மெதுவாகத்தான் போயிற்று. நம் கதை நிமிடக் கணக்கில் நிற்காது.

குளிரின் லாபத்தை முழுதாக எடுக்காமல், கொஞ்சம் மட்டும் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்கு: சென்னையின் நீள ஓட்டங்களில் பந்தய வேகமாகப் பழகியதிலிருந்து கிலோமீட்டருக்கு 15 முதல் 20 நொடி குறைக்கலாம், அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. முதல் ஐந்து கிலோமீட்டரில் அந்தக் குறைப்பும் வேண்டாம்.

நான்கு மணி நேரத்துக்குக் கிலோமீட்டருக்கு 5:41. ஆனால் கடிகாரத்தில் 5:41 காட்டினால் நான்கு மணிக்குள் வரமாட்டீர்கள். வளைவுகளில் வெளிப்பக்கம் ஓடுவீர்கள், ஆளை விலக்கி விலக்கிப் போவீர்கள். முடிவில் கடிகாரம் 42.7 கிலோமீட்டர் என்று சொல்லும். அப்படியானால் அதில் 5:37 காட்ட வேண்டும். சாலையில் நீல நிறக் கோடு தீட்டியிருப்பார்கள், மிகக் குறுகிய வழி அதுதான். முடிந்தவரை அதை ஒட்டி ஓடுங்கள். அதற்காக ஆளை இடித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தால் மிச்சமானதைவிட அதிகம் செலவாகும். கடிகாரத்தின் தானியங்கிக் கணக்கை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகை வரும்போது நீங்களே பொத்தானை அழுத்துவது நல்லது. மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ள: 10 கி.மீ. 56:53, பாதி 2:00, 30 கி.மீ. 2:50:38; 35 கி.மீ. 3:19:04, 40 கி.மீ. 3:47:31.

ஜெல் மணிக்கு இரண்டு, முதலாவது அரை மணியில். பசித்தபின் எடுத்தால் தாமதம். தண்ணீர் மேசைகள் நீளமானவை, முதல் மேசையில் கூட்டம் முட்டும். கடைசி மேசைக்குப் போங்கள். கோப்பைகள் காலடியில் நொறுங்கிக் கிடக்கும், ஈரத்தில் வழுக்கும்.

28ஆவது கிலோமீட்டரையொட்டி வில்டர் ஏபர் என்ற சந்திப்பு வரும். காட்டுப்பன்றி என்று பொருள். மேளமும் கூச்சலும் காதைப் பிளக்கும், கால் தானாக வேகமெடுக்கும். எடுக்க விடாதீர்கள். அங்கே செலவழித்ததைப் பிறகு குர்ஃபூர்ஸ்டென்டாமின் நீண்ட கடைத்தெருவில் தேடினால் கிடைக்காது.

உன்டர் டென் லிண்டன் வீதிக்குத் திரும்பியதும் எதிரே பிராண்டன்பர்க் வாயில் தெரியும். 1990 செப்டம்பர் 30 அன்று, இரு ஜெர்மனிகள் இணைவதற்கு மூன்று நாள் முன்பு, ஓட்டக்காரர்கள் முதன்முறையாக இதன் வழியே ஓடினார்கள். அழுகை வரும், வரட்டும். ஆனால் அது முடிவுக்கோடு இல்லை. வாயிலைக் கடந்து இன்னும் சில நூறு மீட்டர் இருக்கிறது. தூண்களுக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டவர்களை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

முடித்த பிறகு

நிற்காமல் நடங்கள். பத்து நிமிடத்தில் உடல் நடுங்கத் தொடங்கும். 15 டிகிரி என்பது ஓடாத சென்னைக்காரருக்குக் குளிர்காலம். ஒப்படைத்த பையில் உலர்ந்த சட்டையும் கம்பளிக் குல்லாவும் வைத்திருந்தீர்களானால் அந்த நேரத்தில் உங்களையே வாழ்த்திக்கொள்வீர்கள். குடும்பத்தை எங்கே சந்திப்பது என்று முன்பே ஓர் இடத்தைக் குறித்துவைத்திருங்கள். அந்தக் கூட்டத்தில் கைப்பேசியை நம்ப முடியாது.

அன்றிரவே விமானம் ஏறாதீர்கள். நீர் வறண்ட உடலோடு பத்து மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். செவ்வாய் கிளம்பினால் நல்லது.

திங்கட்கிழமை முருகன் கோயிலுக்குப் போகச் சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் இறங்க வேண்டியிருக்கும். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் தொடையைக் கிழிக்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி, பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். வெட்கப்பட வேண்டாம், பக்கத்திலேயே இன்னும் நாலைந்து பேர் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.